ஐம்பத்தொன்பது நாள்

டிசம்பர் முப்பத்தொன்று, இரவு பன்னிரண்டு மணிக்கு
துறைமுகத்தில் வாணம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.
அந்த நிமிடம் எங்கள் மூவரின் உடம்பும்
எங்கள் சொந்தப் பொறுப்புக்கு வந்தது.

காகித ஆலை மூடிய கையோடு கடிதம் வந்திருந்தது.
மாதம் இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு டாலர் கட்டினால்
பழைய காப்பீடே தொடருமாம்.
யோசிக்க அறுபது நாள்.
அதற்குள் என்றைக்குக் கையெழுத்திட்டாலும்
முதல் நாளிலிருந்தே காப்பு இருந்ததாகக் கணக்கு,
நிலுவையைக் கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.
திட்டத்துக்குப் பெயர் கோப்ரா.
கடிபட்ட பிறகு கூப்பிட்டாலும்
கடிக்கு முந்தியே வந்திருந்ததாகச் சொல்லும்
நல்ல பாம்பு.

மாரித் அதை நான்காக மடித்து
ஃபிரிட்ஜ் கதவில், மீன் காந்தத்தின் அடியில் செருகினாள்.
"யாராவது விழுந்தால் பிரிப்போம்."

வேலை கிடைத்துவிட்டது எனக்கு,
மேட்டுத்தெரு மருத்துவமனையில், கொதிகலன் அறையில்.
ஆறு மாடி நோயாளிகளுக்கும்
நான்தான் சூடு அனுப்புகிறேன்.
என் காப்பீடு மார்ச் ஒன்றாம் தேதிதான் தொடங்கும்.

நடுவில் ஐம்பத்தொன்பது நாள்.
டுலூத்தில் அது வழுக்கும் காலம்.

படிக்கட்டில் உப்பு போதவில்லை என்று
பூனையின் மணலையும் அள்ளிக் கொட்டினேன்.
தோராவின் ஸ்கேட் காலணிகளைக் கார் டிக்கியில் ஒளித்துவிட்டு
தொலைந்துபோயிற்று என்றேன்.
பாவம், என்னோடு சேர்ந்து அவளும் தேடினாள்,
என் கட்டிலுக்கடியில்கூட.

கூரையில் பனி இடுப்பளவு.
ஏணி கிடங்கை விட்டு வரவில்லை.
பக்கத்து வீட்டு ஹால்வர் அண்ணாந்து பார்த்து,
"தாங்குமா?" என்றான்.
"தாங்கும்" என்றேன்.
அவன் கேட்டது கூரையை.

கடைவாய்ப் பல் ஒன்று இரவில் துடித்தது,
கிராம்பை வைத்துக் கடித்தபடி தூங்கினேன்.
மான் குறுக்கிடும் சாலையில் நடைவேகத்தில் ஓட்டினேன்,
பின்னால் வந்தவர்கள் ஹாரனில் திட்டினார்கள்.
ஒருவர் இருமினால்
மற்ற இருவரும் தலைநிமிர்த்திப் பார்ப்போம்;
இருமியவர், குற்றம் செய்தவர் போல,
எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார்.
மடியில் கனமே இல்லை,
வழியெல்லாம் பயம்.

இரவுதோறும் நாள்காட்டியில் ஒரு வட்டம் போட்டேன்.
கட்டாமல் விட்டது நாளொன்றுக்கு எழுபத்தைந்து டாலர்.
சத்தமாகக் கூட்டிச் சொல்வேன்.
மாரித் "நல்லது" என்பாள்,
பாத்திரம் துடைத்துக்கொண்டே.

மார்ச் ஒன்று.
தபாலில் மூன்று அட்டைகள்,
நகத்தால் வளைத்தால் வளைந்துவிடும் பிளாஸ்டிக்.

ஏணியைத் தோளில் தூக்கிப் போய்ச் சாத்தினேன்.
ஸ்கேட்டுகளை "இதோ, கிடைத்துவிட்டது" என்று நீட்டினேன்.
தோரா என்னை ஒரு பார்வை பார்த்தாள்;
பிறகு மன்னித்துவிட்டு ஓடினாள்.
இரண்டு மாதப் பனியை
கூரையிலிருந்து மண்வெட்டி மண்வெட்டியாகத் தள்ளினேன்.
வேண்டுமென்றே ஒருமுறை உரக்க இருமினேன்.

கையுறை மாற்ற உள்ளே வந்தபோது
மாரித் மேஜையில் அட்டையைத் திருப்பிவைத்து
அதன் முதுகில் இருந்த எண்ணில் பேசிக்கொண்டிருந்தாள்.
பிறந்த தேதி சொன்னாள்.
பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.
"இடது பக்கம்" என்றாள்.
"ஜனவரி ஆறு. குளிக்கும்போது.
பட்டாணி அளவு...
அப்போது."

ஜனவரி ஆறு.
ஆறாவது வட்டம்.
நானூற்றைம்பது மிச்சம் என்று சொன்ன இரவு.
அன்றும் அவள் "நல்லது" என்றுதான் சொன்னாள்.

மீனைக் கழற்றிக் கடிதத்தைப் பிரித்தேன்.
இன்று நள்ளிரவு வரை செல்லும்.
கட்டினால், போன அத்தனை நாளுக்கும் காப்பு,
ஆறாம் தேதிக்கும் சேர்த்து.
பேனா எங்கே என்று இழுப்பறைகளைத் திறந்தேன், மூடினேன்.
பேனா கிடைத்தது. நின்றுகொண்டிருந்தேன்.

வெளியே தோரா
உறைந்த தெருவைக் கீறிக்கொண்டு போகும் சத்தம்.

மாரித் தொலைபேசியின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு
என் பக்கம் திரும்பினாள்:
"முதலில் அந்த ஏணியை எடுத்து உள்ளே வை.
யாராவது விழப்போகிறார்கள்."